சின்ன டிரெய்லருக்கு எந்த வண்டி? 1,500 கிலோ, 3,000 கிலோ என்று போட்டிருப்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

மைனா எழுதியது:

வணக்கம். இங்கே நீண்ட நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவள் நான். இந்தத் தடவை கேட்காமல் முடிவெடுக்கத் தயக்கமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஒற்றை ஆக்ஸில் (சக்கர அச்சு) டிரெய்லர் ஒன்று பேசி முடித்துவிட்டோம். நாலு பேர் படுக்கலாம், சின்ன சமையல் மேடை, உள்ளேயே கழிப்பறை. தகட்டில் காலி எடை 1,050 கிலோ, அதிகபட்ச எடை 1,500 கிலோ. மின்சார பிரேக் உண்டு. இதை இழுக்க ஒரு வண்டி வேண்டும். மற்ற நாட்களில் அதே வண்டியில்தான் வேலைக்கும் பள்ளிக்கும் போக வேண்டும்.

மூன்று வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். முதலாவது ஏழு சீட் கிராஸ்ஓவர், முன்சக்கர இழுவை, சிவிடி கியர்பாக்ஸ் (படிப்படியாகக் கியர் மாறாத ஆட்டோமேட்டிக் வகை). இழுவைத் திறன் 1,500 கிலோ என்கிறார்கள். ஓட்டிப் பார்த்ததில் எனக்குப் பிடித்தது இதுதான். அப்பாவுக்கு முழங்கால் வலி, இதில் ஏறி இறங்குவது சுலபம். இரண்டாவது லேடர் ஃபிரேம் (ஏணி போன்ற தனி இரும்புச் சட்டத்தின் மேல் கட்டிய) டீசல் எஸ்யூவி, ஆட்டோமேட்டிக், 3,000 கிலோ. மூன்றாவது டபுள் கேப் பிக்கப், 3,500 கிலோ.

நாங்கள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். சில பயணங்களில் அப்பாவும் வருவார். மலைப்பக்கம் நிறையப் போக ஆசை. விற்பனையாளர் மூன்றுமே தாராளமாக இழுக்கும் என்கிறார். "உங்க டிரெய்லர் 1,050 கிலோதானே, 1,500 கிலோ வண்டியிலயே 450 கிலோ மிச்சம் இருக்கே" என்று கணக்குப் போட்டும் காட்டினார். பார்த்தால் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் மனசு ஒப்பவில்லை. நான் எதைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்?

நெடுவழி எழுதியது:

யோசிக்காம பிக்கப்பை எடுத்துடுங்க. 3,500 கிலோ இழுக்குற வண்டிக்கு உங்க டிரெய்லர் ஒரு பொருட்டே இல்லை. நாளைக்கு இன்னும் பெரிய டிரெய்லர் வேணும்னு தோணினாலும் வண்டியை மாத்த வேண்டாம். ஈரத் துணி, சேறு பிடிச்ச ஷூ, மடக்கு நாற்காலி எல்லாத்தையும் பின்னாடி போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம்.

பட்டறைக்காரன் எழுதியது:

ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோட மாட்டுற இணைப்பு) பொருத்துறது, டிரெய்லர் பிரேக், வயரிங் பாக்குறது, இதுதான் என் தொழில். வண்டியை வாங்கி, டிரெய்லரையும் வாங்கி, ரெண்டையும் மாட்டின அன்னைக்கு "பின்பக்கம் இப்படி உக்காந்துடுச்சே, என்ன பண்றது"ன்னு வந்து நிக்கிறவங்களுக்குப் பதில் சொல்றது ரொம்பக் கஷ்டம். நீங்க வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கீங்க சகோதரி. அதனால விவரமாவே எழுதுறேன்.

முதல்ல அந்த 1,050 கிலோவை மறந்துடுங்க. தண்ணி, கேஸ், பேட்டரி, படுக்கை, பாத்திரம் எதுவும் ஏத்தாம இருக்குற எடை அது. அந்த எடைல டிரெய்லர் ரோட்டுல ஓடவே ஓடாது. 90 லிட்டர் தண்ணித் தொட்டி நிறைச்சா 90 கிலோ. கேஸ் சிலிண்டர் ரெண்டுன்னா 50 கிலோ கிட்ட. லெட் ஆசிட் பேட்டரி 25, வெளிப்பந்தல் 30. அப்புறம் துணி, படுக்கை, பாத்திரம், நாற்காலி, டூல்ஸ், பிள்ளைங்க சாமான்னு சேந்தா 120 கிலோவுக்குக் குறையாது. கூட்டிப் பாருங்க, 1,360 கிலோ கிட்ட வருது. நான் எடை மேடைல ஏத்திப் பாத்த சின்ன டிரெய்லருங்க எல்லாமே, காலி எடையை விட உச்ச எடைக்குக் கிட்டதான் நின்னிருக்கு.

இனிமேதான் முக்கியமான விஷயம். சக்கரம் வெச்ச ஒரு பொருளை இழுக்குறது இன்னைக்கு இருக்குற எஞ்சினுக்குப் பெரிய வேலை இல்லை. அதோட மூக்கைத் தாங்குறதுதான் வேலை. ஹிட்ச் பந்து மேல டிரெய்லர் அழுத்துற எடையை டங் வெயிட்னு சொல்லுவோம். வட அமெரிக்கால டிரெய்லர் எடைல 10லேர்ந்து 15 சதவீதம் அங்க இருக்கணும்னு கணக்கு. ஐரோப்பால 4லேர்ந்து 7 சதவீதம் இருந்தாலே போதும்னு விடுறாங்க, ஏன்னா அங்க ஆக்ஸிலோட இடமும் வேற, வேகமும் வேற. ஜெர்மனில டிரெய்லரோட போனா பொதுவா மணிக்கு 80 கிலோமீட்டர்தான், தனியா அனுமதி வாங்கின ஜோடிக்கு 100. ஒரே மாடல் வண்டிக்கு ஐரோப்பால ஒரு இழுவை எண்ணும் அமெரிக்கால அதை விடக் கம்மியா ஒரு எண்ணும் போட்டிருக்குறதுக்கு இது ஒரு பெரிய காரணம். அதனால வேற நாட்டு வீடியோவைப் பாத்து, "அவங்க இழுக்குறாங்களே"ன்னு முடிவு பண்ணாதீங்க.

உங்க டிரெய்லருக்கு 12 சதவீதம்னு வெச்சா 163 கிலோ. இந்த எடை வண்டியோட சுமைக் கணக்குல, அதாவது பேலோடுல, ஆளுங்க சாமான்களோட சேந்து வந்து உக்காரும். அதுவும் அப்படியே 163ஆ உக்காராது. பந்து பின் ஆக்ஸிலுக்கு வெளிய தொங்குதே! வீல்பேஸ், அதாவது முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவுல உள்ள தூரம், 2.8 மீட்டர், பின் ஆக்ஸில்லேர்ந்து பந்து வரைக்கும் 1.2 மீட்டர்னா, பின் ஆக்ஸில் மேல 233 கிலோ ஏறும், முன் ஆக்ஸில்லேர்ந்து 70 கிலோ குறையும். ராத்திரில எதிர்ல வர்றவங்க உங்களுக்கு லைட் அடிச்சுக் காட்டினா அதுக்கு அர்த்தம் இதுதான். உங்க ஹெட்லைட் அவங்க கண்ணுல அடிக்குது. ஸ்டியரிங் லேசாயிடும், முன் பிரேக்குக்குப் பிடிப்புக் குறையும். முன்சக்கர இழுவை வண்டின்னா ஈரமான ஏத்தத்துல டயர் சுத்தும்.

விளம்பரத்துல பேலோடைப் பெருசா போட மாட்டாங்க. ஷோரூம்ல ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு வந்து மூடுற தூண்ல குனிஞ்சு பாருங்க. வட அமெரிக்க வண்டின்னா, ஆளுங்களும் சாமானும் சேந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாதுன்னு ஒரே வரில ஸ்டிக்கர் இருக்கும். ஐரோப்பிய முறைத் தகட்டுல நாலு எண் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருக்கும்: வண்டியோட மொத்த எடை, வண்டியும் டிரெய்லரும் சேந்த எடை, முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில். மொத்த எடைலேர்ந்து காலி எடையைக் கழிச்சா பேலோடு. அந்தக் காலி எடைல ஓட்டுநருக்குன்னு 75 கிலோ ஏற்கனவே சேத்திருக்காங்களான்னும் பாத்துக்கோங்க. கண்டிப்பா நீங்க வாங்கப் போற அதே வண்டியோட கதவைத் திறக்கணும். சன்ரூஃப், மூணாவது வரிசை சீட்டு, பெரிய வீல்னு ஒவ்வொண்ணும் ஏற ஏற பேலோடு இறங்கிக்கிட்டே வரும்.

அமெரிக்கால இழுவைத் திறனை அளக்க எஸ்.ஏ.ஈ. (வாகனப் பொறியாளர் சங்கம்) வகுத்த ஜே 2807னு ஒரு சோதனை முறை இருக்கு. அரிசோனால டேவிஸ் அணைகிட்ட இருக்குற நீளமான ஏத்தம்தான் அதுக்கு அளவுகோல். ஏசியை முழு அளவுல வெச்சுக்கிட்டே ஏறிக் காட்டணும். நல்ல சோதனைதான், நான் மதிக்கிறேன். ஆனா அதுலயும் உள்ள ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டும்தான், ஆளுக்கு 68 கிலோன்னு கணக்கு. பிள்ளைங்க, நாய், கூரைப் பெட்டி எதுவும் கிடையாது. அந்த 3,000, 3,500 எல்லாம் அந்த மாதிரி வண்டியோட எண்கள். உங்க குடும்பம் ஏறி உக்காந்ததும் அது மாறிடும்.

மூணு வண்டிக்கும் பேலோடு, ஹிட்ச் மேல அனுமதிச்ச உச்ச எடை, டிரெய்லரோட காலி டங் வெயிட், இதெல்லாம் பாத்துட்டு வந்து எழுதுங்க. கணக்கை இங்கயே போட்டுப் பாத்துடலாம்.

மலைப்பாதை எழுதியது:

பட்டறைக்காரன் சொன்னதற்கு மேல் மலை பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

குதிரைத்திறனை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 3,500 கிலோ, 6 சதவீத ஏற்றம், மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் ஏறுவதற்கு மட்டும் தேவைப்படுவது 34 கிலோவாட், அதாவது சுமார் 46 குதிரைத்திறன். மூன்று வண்டியும் கொடுத்துவிடும். எவ்வளவு நேரம் சூடாகாமல் கொடுக்கும் என்பதைத்தான் கேட்க வேண்டும். அரை மணி நேரம் தொடர்ந்து ஏறும்போது கியர்பாக்ஸ் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகலாம். சாதாரணக் குடும்பக் கார்களில் வருகிற சிவிடியை அந்த வேலைக்கு நான் நம்ப மாட்டேன். எந்த வண்டி எடுத்தாலும் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் கூலர் இருக்கிறதா, கியர்பாக்ஸ் சூடு திரையில் தெரிகிறதா என்று பாருங்கள். டர்போ இல்லாத எஞ்சின் என்றால் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். டர்போ டீசலுக்கு அந்தக் கவலை குறைவு.

சமதரையில் எடையை விடக் காற்றுதான் எதிரி. டிரெய்லரின் முன்முகம் 2.2 மீட்டர் அகலம், 2.6 மீட்டர் உயரம் என்று வையுங்கள். ஏறக்குறைய ஒரு சுவரைத் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். 80இல் போகும்போது காற்றைக் கிழிக்க ஆகும் சக்தியைப் போல 110இல் 2.6 மடங்கு ஆகும். டீசல் முள் இறங்குவதைப் பார்த்தாலே தெரியும்.

டிரெய்லர் ஆட ஆரம்பிப்பது எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் சில நொடிகளில் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். பெரிய லாரி ஒன்று உங்களைத் தாண்டிப் போகும். இடது கண்ணாடியில் டிரெய்லரின் பின்விளிம்பு கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அடுத்த கணம் வலது கண்ணாடியில் தெரியும், திரும்ப இடது, ஒவ்வொரு தடவையும் இன்னும் அதிகமாக. அப்போது வண்டியின் பிரேக்கை அழுத்தாதீர்கள், வேகத்தைக் கூட்டியும் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, பிரேக் கண்ட்ரோலரில் (டிரெய்லரின் மின்சார பிரேக்கை இயக்க வண்டிக்குள் பொருத்தும் கருவி) உள்ள கைப்பிடியால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் போடுங்கள். அதனால் கண்ட்ரோலர் உங்கள் கை எட்டும் இடத்தில் பொருத்தப்பட வேண்டும். வண்டி மெதுவாகும் அளவுக்கு ஏற்பத் தானாகவே பிரேக்கைக் கூட்டுகிற வகையாகக் கேட்டு வாங்குங்கள். இறக்கத்தில் கீழ் கியருக்கு மாறிவிட்டுத்தான் இறங்கவே ஆரம்பிக்க வேண்டும், பாதி வழியில் அல்ல.

கூடாரம் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. எலக்ட்ரிக் எஸ்யூவியில் இழுப்பவர்கள் யாராவது உண்டா? டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் விசை) நிறைய இருக்கிறதே, இதற்குச் சரியாக இருக்கும் போலத் தோன்றுகிறது.

பட்டறைக்காரன் எழுதியது:

இழுக்குறதுல குறையே இல்லை, ஏத்தத்துல அமைதியா போகும், இறக்கத்துல மோட்டாரே பிரேக் பிடிக்கும். ஆனா இந்த மாதிரி உயரமான டிரெய்லரை மாட்டினா ஒரு சார்ஜுக்குப் போற தூரம் ஏறக்குறைய பாதியாயிடும். நிறைய சார்ஜிங் இடத்துல டிரெய்லரைக் கழட்டி வெச்சுட்டுதான் வண்டியை உள்ள விட முடியும். பக்கத்துல போய்ட்டு வர்றவங்களுக்குச் சரி. பேட்டரி கனமா இருக்குறதால பேலோடை இதுலயும் பாருங்க.

மைனா எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கதவைத் திறந்து குனிந்து படம் எடுத்துக்கொண்டு வந்தேன். விற்பனையாளரே அந்த எண்ணை அப்போதுதான் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

கிராஸ்ஓவர்: பேலோடு 520 கிலோ, ஹிட்ச் மேல் அதிகபட்சம் 100 கிலோ. எஸ்யூவி: பேலோடு 590, ஹிட்ச் மேல் 300. பிக்கப்: பேலோடு 950, ஹிட்ச் மேல் 350, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 6,000 கிலோ. டிரெய்லர் செய்தவர்களைக் கேட்டதில் காலி டங் வெயிட் 130 கிலோ என்றார்கள்.

நான் 62, கணவர் 75, பிள்ளைகள் 40, 35. நாய் 25. அப்பா 70. வண்டிக்குள் பெட்டி, பை எல்லாம் 90 கிலோ இருக்கும். கூரைப் பெட்டி சாமானோடு 45.

பட்டறைக்காரன் அண்ணா, எஸ்யூவியே போதும் என்று வந்தால் நிம்மதி. பிக்கப்பின் பின் சீட்டில் அப்பாவை ஏற்றி உட்காரவைத்துப் பார்த்தோம், அவருக்குச் சிரமமாக இருந்தது.

பட்டறைக்காரன் எழுதியது:

கிராஸ்ஓவரை இங்கயே விட்டுடலாம். ஹிட்ச் தாங்குறது 100, உங்க டிரெய்லர் காலியா நிக்கும்போதே 130 அழுத்துது. சாமானை ஆக்ஸிலுக்குப் பின்னாடி தள்ளி மூக்கை லேசாக்கலாமேன்னு யாராவது யோசனை சொல்லுவாங்க. செய்யாதீங்க. மலைப்பாதை மேல எழுதின அந்த ஆட்டம் வர்றதே அப்படித்தான்.

எஸ்யூவி. நீங்க நாலு பேர் 212, நாய் 25, உள்ள சாமான் 90, கூரை 45, ஹிட்ச் இரும்பு 25, டங் வெயிட் 163. மொத்தம் 560. ஸ்டிக்கர்ல 590. மிச்சம் 30 கிலோ. 3,000 கிலோ இழுக்கும்னு எழுதின வண்டி, அதுல பாதி கூட இல்லாத டிரெய்லருக்கே இந்த இடத்துக்கு வந்துடுச்சு பாருங்க. அப்பா ஏறினா 40 கிலோ அதிகம்.

ஆனா வழி இருக்கு. அந்த 90 கிலோ பெட்டி பையெல்லாம் டிரெய்லருக்குள்ள, ஆக்ஸிலுக்கு நேர் மேல தரையோட தரையா போகட்டும். தண்ணித் தொட்டில 20 லிட்டர் மட்டும் வெச்சுக்கோங்க, மீதியைப் போய்ச் சேர்ற இடத்துல பிடிச்சுக்கலாம். டிரெய்லர் இப்போ 1,380 கிலோ, 1,500க்குள்ளதான் இருக்கு. டங் வெயிட் 166. அப்பாவையும் சேத்து வண்டில 543. மிச்சம் 47 கிலோ. இது நான் சம்மதிக்கிற கணக்கு. தொட்டி ஆக்ஸிலுக்கு முன்னாடியா பின்னாடியான்னு மட்டும் கேட்டுக்கோங்க. பின்னாடி இருந்தா, தண்ணி குறைஞ்சதும் மூக்கு இன்னும் கனமாகும்.

எடையை முன்னாடி தள்ளுற ஹிட்ச் ஒண்ணு இருக்கு, ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் கம்பி வரும். பின்பக்கம் உக்காந்ததைத் தூக்கி, முன் ஆக்ஸில் இழந்ததுல ஒரு பங்கைத் திருப்பிக் குடுக்கும். உங்க வண்டிக்கும் டிரெய்லருக்கும் அதுக்கு அனுமதி இருக்கான்னு கையேட்டுல பாத்துட்டுப் போடுங்க. ஆனா அதைப் போட்டா பேலோடு கூடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கதவுல ஒட்டின எண் அப்படியேதான் இருக்கும்.

நெடுவழி சொன்ன பிக்கப் தப்பான வண்டி இல்லை. பேலோடுல தாராளமா 390 கிலோ மிஞ்சும். அப்பா சிரமமில்லாம ஏறுவார்னா நானே அதைச் சொல்லியிருப்பேன். ஆனா வருஷம் முழுக்க லீஃப் ஸ்பிரிங் காலியா துள்ளுற வண்டில பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஓடணும், அவரும் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறணும். எனக்கு எஸ்யூவிதான் படுது.

நெடுவழி எழுதியது:

ஒத்துக்கிறேன். எஸ்யூவி எடுத்தா அகலக் கண்ணாடி நீட்டிப்பு வாங்க மறக்காதீங்க. டிரெய்லர் வண்டியை விட அகலம், சாதாரணக் கண்ணாடில அதோட சுவர் மட்டும்தான் தெரியும்.

மைனா எழுதியது:

எஸ்யூவிதான். வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். அப்பா இந்தக் கணக்கை முழுக்கப் படித்துவிட்டு, தன் பெட்டியில் பாதியை இறக்கிவைக்கிறேன் என்கிறார். வேண்டாம் அப்பா, 47 கிலோ மிச்சம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். மொத்த எடையை எடை மேடையில் பார்க்கலாம். டங் வெயிட்டை வீட்டிலேயே பார்க்க முடியுமா? குளியலறைத் தராசு 150 கிலோ வரைதான் காட்டும்.

பட்டறைக்காரன் எழுதியது:

தாராளமா பாக்கலாம். பயணத்துக்கு ஏத்துற மாதிரியே எல்லாத்தையும் ஏத்திட்டு, சமதரைல நிறுத்தி, சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை குடுங்க. உறுதியான ஒரு மரப்பலகையை எடுங்க. ஒரு முனை தராசு மேல, இன்னொரு முனை தராசு உயரத்துக்கே ஒரு கட்டை மேல. ரெண்டு முனைலயும் பலகைக்கு அடியில குறுக்கா ஒரு இரும்புக் குழாயை வைங்க, அப்பதான் பலகை எங்க தாங்குதுன்னு தெளிவா இருக்கும். கட்டைப் பக்கக் குழாய்லேர்ந்து 30 சென்டிமீட்டர், தராசுப் பக்கக் குழாய்லேர்ந்து 60 சென்டிமீட்டர் தள்ளி டிரெய்லர் மூக்கு பலகை மேல இறங்கணும். பந்து மாட்டுற உயரத்துக்கே மூக்கு இருக்கணும், அதுக்கு நடுவுல ஒரு மரத்துண்டு வெச்சுக்கோங்க. டிரெய்லர் ஜாக்கோட காலை மெதுவா மேல சுருக்கி, மொத்த எடையும் பலகைக்கு வர விடுங்க. தராசு காட்டுறதை மூணால பெருக்குங்க. 55 காட்டினா 165. பலகை எடை தனியா சேந்துடாம இருக்க, மூக்கு இறங்குறதுக்கு முன்னாடி தராசு என்ன காட்டுதுன்னு பாத்து, அதை முதல்ல கழிச்சுடுங்க.

எடை மேடைக்குப் போறப்ப மூணு தடவை ஏத்துங்க: வண்டி தனியா எல்லாரோடவும், அப்புறம் டிரெய்லர் மாட்டினபடி வண்டியோட நாலு சக்கரம் மட்டும் மேடைல, கடைசியா ரெண்டும் சேந்து. ரெண்டாவதுலேர்ந்து முதலாவதைக் கழிச்சா வர்றதும் டங் வெயிட்தான், தராசுக் கணக்கோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. முடிஞ்சா பின் ஆக்ஸிலை மட்டும் தனியா ஏத்தி அந்த எண்ணையும் குறிச்சுக்கோங்க. எல்லா எண்ணையும் இங்க போடுங்க, பாத்துச் சொல்றேன்.